கேள்வி-பதில்: மலாக்காவில் ஒரு தமிழர்கூடப் பிறக்கவில்லையா?

கேள்வி: உயர்நிலை ஒன்றில் படிக்கும் என் மகன், மலாக்கா மாநிலத்தில் பிறந்து சிங்கப்பூரில் பேர் எடுத்தவர்களைப் பற்றிச் செயல்திட்டம் செய்கிறான். டான் டோக் செங், டான் கிம் செங், டாக்டர் கோ கெங் சுவீ, தேவன் நாயர் என நால்வர் கிடைத்தார்கள். தேடித் தேடிப் பார்த்தும் ஒரு தமிழர்கூட இல்லை. தேவன் நாயரும் மலையாளிதான். சரி, மலாக்கா செட்டிகளில் யாரையாவது சேர்க்கலாம் என்றால் அவர்களுக்குத் தமிழே வராதாம். அவ்வளவு காலம் அங்கே வாழ்ந்தும் நம்மவர்கள் ஒருவரைக்கூடத் தரவில்லையே, ஏன்?
(வாசகி, ஈசூன்)

பதில்: நீங்கள் ஆளைத் தேடவில்லை அம்மா, பெயரின் ஓசையைத் தேடியிருக்கிறீர்கள். அதனால்தான் அந்த நால்வருக்குப் பக்கத்திலேயே நிற்கும் ஐந்தாமவர் உங்கள் கண்ணில் படவில்லை. அவர் மலாய் எழுத்தாளர் முன்ஷி அப்துல்லா.

பக்கத்திலேயே என்று நான் சொல்வது வெறும் பேச்சுக்கு அல்ல. 2019இல், சிங்கப்பூரில் பிரிட்டிஷ் துறைமுகத்தை நிறுவிய ராஃபிள்ஸ் இங்கே வந்து இருநூறு ஆண்டானதை நினைவுகூர்ந்தபோது, சிங்கப்பூர் ஆற்றங்கரையில் ராஃபிள்ஸ் சிலையோடு வேறு நால்வரின் சிலைகளையும் வைத்தார்கள். பழைய சிங்கப்பூரை நிறுவியதாகச் சொல்லப்படும் இளவரசர் சாங் நீல உத்தமா, பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை, டான் டோக் செங், முன்ஷி அப்துல்லா. கடைசி இருவரும் மலாக்காக்காரர்கள். உங்கள் மகன் ஒருவரை எழுதிக்கொண்டு மற்றவரை விட்டுவிட்டான். தவறு பிள்ளையுடையது அல்ல. ‘அப்துல்லா’ என்ற பெயரைப் பார்த்ததும், இவர் நமக்குச் சம்பந்தமில்லாதவர் என்று தாண்டிப் போக நாம்தான் பழக்கியிருக்கிறோம்.

அப்துல்லா 1796இல் மலாக்காவின் கம்போங் பாலியில் பிறந்தவர். தாத்தாவின் தந்தை ஏமன் நாட்டு அரபு. அவர் நாகூருக்கு வந்து அங்கேயே பெண் எடுத்தார். அவருடைய மகன் ஒருவர் மலாக்காவுக்குக் கப்பலேறிப் போய், ஷேக் மீரா லெப்பை என்பவரின் மகளை மணந்தார். அந்த அம்மையார்தான் அப்துல்லாவின் பாட்டி. பெயர் பெரி ஆச்சி. இது பிற்கால ஆராய்ச்சியாளர்கள் தோண்டி எடுத்த செய்தி அல்ல. 1849இல் சிங்கப்பூரில் அச்சான தன் வாழ்க்கை வரலாற்றில் அவரே கைப்பட எழுதியது.

அதே நூலில் இன்னொன்றும் சொல்கிறார். சிறுவயதில் அவரைத் தந்தை தமிழ் படிக்க அனுப்பினார். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் தமிழ் கற்பது மலாக்காவில் முன்னோர் காலத்து வழக்கமாம். கணக்குப் போடவும், ஊர் நிறைய இருந்த இந்திய வியாபாரிகளோடு பேசவும் அந்த மொழி வேண்டியிருந்தது. நம் பிள்ளைகளிடம் தமிழ் படித்தால் என்ன பயன் என்று கேட்பவர்கள் இந்த இடத்தை ஒருமுறை படிக்கவேண்டும் என்று எனக்கு ஆசை. படித்த தமிழை அவர் மறந்துவிடவும் இல்லை. 1835இல் பஞ்சதந்திரக் கதைகளை மலாயில் எழுதினாரே, அதைத் தமிழிலிருந்துதான் மொழிபெயர்த்தார். துணைக்கு இருந்தவரும் ஒரு தமிழ் நண்பர்.

‘முன்ஷி’ என்பது பெயர் அல்ல, மொழி ஆசான் என்று பொருள். மலாக்காக் கோட்டையிலிருந்த இந்தியச் சிப்பாய்களுக்கு இளம் வயதிலேயே பாடம் சொல்லிக் கொடுத்ததால் அவர்கள் வைத்த பட்டம் அது. ராஃபிள்ஸ் மலாக்காவில் இருந்தபோது அவருக்கு மலாய் ஏடுகளைப் படியெடுத்துக் கொடுத்தார். பிறகு சிங்கப்பூருக்கு வந்து வெள்ளைக்கார வியாபாரிகளுக்கும் பாதிரிமார்களுக்கும் மலாய் கற்பித்தார். 1854இல் ஹஜ் பயணத்தில் காலமானார். நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்று இன்று மலாய் உலகம் அவரைக் கொண்டாடுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு ‘முன்ஷி அப்துல்லா ஒரு தமிழர்’ என்று மகனை எழுதவைத்துவிடாதீர்கள். அவர் எழுதியது மலாயில், வாழ்ந்தது மலாய் இலக்கியத்துக்காக. நாகூரையும் பெரி ஆச்சியையும் ஏமனையும் மலாக்காவையும் உள்ளது உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். அவரைப் பறித்து நம் பக்கம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அவர் வீட்டில் நமக்கும் ஒரு திண்ணை இருந்தது என்று தெரிந்தால் போதும்.

மற்ற நால்வரில் மூவருக்கு உங்களிடம் குறிப்பு இருக்கும். டான் டோக் செங் காய்கறி விற்றுத் தொடங்கியவர், 1844இல் அவர் கொடையில் பியர்ல்ஸ் குன்றில் மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டினார்கள். டான் கிம் செங் நல்ல தண்ணீருக்காக 1857இல் 13,000 வெள்ளி கொடுத்தார். கோ கெங் சுவீ இரண்டு வயதிலேயே இங்கே வந்துவிட்டவர். ஆனால் தேவன் நாயரை ‘மலையாளிதான்’ என்று ஒரே சொல்லில் ஒதுக்கியது எனக்கு ஒப்பவில்லை. 1961இல் தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸைத் (என்டியுசி) தொடங்கிய தலைவர்களில் முன்னால் நின்றவர், 1981 முதல் 1985 வரை நம் அதிபர். அவர் கட்டிய தொழிற்சங்கம் தமிழ்த் தொழிலாளிக்கும் சேர்த்துத்தான்.

இனி, செட்டிகள். இவர்கள் நாட்டுக்கோட்டை நகரத்தார் அல்லர், பலர் அப்படிக் குழப்பிக்கொள்கிறார்கள். மலாக்கா சுல்தான்கள் காலத்திலேயே வந்து, அந்த மண்ணிலேயே மணம் முடித்துத் தங்கிவிட்ட தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள். வீட்டில் பேச்சு மலாய், பெண்கள் உடுத்துவது கெபாயா என்ற மலாய் மேலாடை. பிள்ளை, நாயக்கர், படையாச்சி, பண்டாரம் என்ற குடும்பப் பெயர்கள் மட்டும் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. போகியன்று முன்னோருக்கு வாழையிலையில் படைக்கிறார்கள், அதற்கு ‘பார்ச்சு’ என்று பெயர். பொங்கல் வைக்கிறார்கள். மாரியம்மன் திருவிழாவை விடாமல் எடுக்கிறார்கள். 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் அவர்களுடையது. மொழி கைநழுவிய பிறகும் இத்தனை தலைமுறை சாமியையும் படையலையும் காப்பாற்றியவர்களைப் பார்த்து, ‘தமிழ் வராதாம்’ என்று எழுத நமக்கு எப்படி மனம் வந்தது? நம் அடுக்குமாடி வீடுகளில் எத்தனை பிள்ளைகள் இன்று பாட்டியிடம் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார்கள்?

அடுத்த பள்ளி விடுமுறையில் மலாக்காவுக்குப் பேருந்து ஏறினால், ஜோங்கர் தெருவில் செண்டோல் குடித்துவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள். அங்கிருந்து சில நிமிட நடைதான் ஜாலான் துக்காங் எமாஸ். பொய்யாத விநாயகர் கோயில் அந்தத் தெருவில்தான் இருக்கிறது. செட்டிகளின் குடியிருப்பு காஜா பெராங்கில். போகிறபோது மகனைக் கேள்விகளோடு அழைத்துப் போங்கள், ஆனால் ‘உங்களுக்குத் தமிழ் தெரியாதா’ என்பது முதல் கேள்வியாக இருக்கவேண்டாம்.

அதற்கு முன்பே செயல்திட்டத்தைக் கொடுக்கவேண்டும் என்றால், அப்பர் தாம்சன் பக்கம் ஒரு மாலை போய்வாருங்கள். ஆசிரியர்களுக்கென்று கட்டிய குடியிருப்பு அங்கே இருக்கிறது. தெருக்களுக்குத் தாகூர், காளிதாசர், லி போ என்று புலவர்களின் பெயர்கள். அவற்றோடு ஒன்று முன்ஷி அப்துல்லா அவென்யூ. மகனை அந்தப் பலகைக்குக் கீழே நிறுத்தி ஒரு படம் எடுங்கள், ஐந்தாம் பக்கத்தில் ஒட்டலாம்.