வாசிக்கச் சொன்னால் மட்டும் நழுவுகிறான்

என் மகன் எட்டாம் வகுப்பு. காலாண்டுத் தேர்வில் மூன்று பாடம் ஃபெயில். ஆறாம் வகுப்பிலிருந்தே இப்படித்தான். காலையில் ஒரு டியூஷன், மாலையில் ஒரு டியூஷன், மாதம் 3,000 ரூபாய் போகிறது. செல்போனையும் பிடுங்கி வைத்தாயிற்று. பெற்றோர் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் 'கவனமே இல்லை, எழுத்துப்பிழை தாங்கவில்லை' என்கிறார்கள். என் ஓரகத்தி மகளுக்கும் இதே வயதுதான், முதல் ரேங்க். என் கணவரோ 'எல்லாம் நீ கொடுக்கிற செல்லம்' என்கிறார். தப்பான சொல்லைப் பத்து முறை எழுத வைக்கிறேன். மறுநாள் அதே தப்பு. அறிவில்லாத பையனும் இல்லை, நான் பாடத்தை வாசித்துக் காட்டினால் ஒரே தடவையில் திருப்பிச் சொல்வான். நீயே வாசிடா என்றால்தான் வயிறு வலிக்குது என்று நழுவுவான். அவ்வளவு சோம்பேறித்தனம். கட்டின பணத்தை நினைத்தால் வயிறு எரிகிறது. இவனை எப்படித் திருத்துவது?
- ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள சகோதரி,

டியூஷனும் ஓரகத்தி மகளும் இருக்கட்டும். போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில்தான் நான் நின்றுவிட்டேன். காதால் கேட்டால் பிடித்துக்கொள்கிற பிள்ளை, வாசிக்கும்போது மட்டும் தடுமாறினால் அது சோம்பல் இல்லை. சோம்பேறி கேட்பதற்கும் சோம்புவான்.

எழுத்துக்கூட்டுவதிலேயே மூச்சு வாங்கினால், வரி முடிவதற்குள் அதன் தொடக்கம் மறந்துவிடும். சின்ன வகுப்புகளில் ஆசிரியர் வாசிப்பதைக் கேட்டே சமாளித்திருப்பான். எட்டு வரை எல்லாருக்கும் தேர்ச்சி என்பதால் யாரும் உற்றுப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆறாம் வகுப்பில் பாடம் நீண்டதும் சரிந்துவிட்டான். இது டிஸ்லெக்சியா என்கிற வாசிப்புக் குறைபாடாக இருக்கலாம். கடிதத்தை வைத்து உறுதி சொல்ல மாட்டேன்.

நீங்களே பாருங்கள். ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தில் ஒரே அளவில் இரண்டு பத்திகளை எடுங்கள். ஒன்றை அவன் வாசிக்கட்டும், மற்றதை நீங்கள் வாசியுங்கள். இரண்டிலும் ஐந்தைந்து கேள்வி கேளுங்கள். எந்தச் சொல்லை விடுகிறான், எதை முதலெழுத்தை மட்டும் பார்த்து ஊகிக்கிறான், எங்கே ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் மாறுகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். கண்ணையும் காதையும் சோதித்துவிட்டு, அந்தக் குறிப்போடும் அவனுடைய பழைய நோட்டுகளோடும் மருத்துவ உளவியலாளரைப் பாருங்கள். குறைபாடு உறுதியானால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஓர் ஆள் போன்ற சலுகைகளுக்குப் பள்ளி வழியாக விண்ணப்பிக்கலாம். சான்றிதழ் வாங்க நாளாகும், கடைசி நேரத்துக்குத் தள்ளாதீர்கள்.

பத்து முறை எழுத வைப்பதை இன்றே நிறுத்துங்கள். மூன்றாவது முறைக்கு மேல் அவன் சொல்லைப் படிப்பதில்லை, மேல்வரியைப் பார்த்து வரைகிறான். அதனால்தான் மறுநாளும் அதே தப்பு. தினமும் ஐந்தே சொற்கள், துண்டு துண்டாகப் பிரித்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதட்டும். பதினைந்து நிமிடம் போதும். காலை டியூஷனை விட்டுவிடுங்கள், அவனுக்கு அந்தத் தூக்கம் வேண்டும்.

பெற்றோர் கூட்டத்தில் தலைகுனிந்தது உங்களுக்கு வலிக்கும்தான். வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கிற நாளெல்லாம் அவனுக்கும் அதே நிலைதான், சகோதரி. அந்தப் பயத்திலேயே வயிறு வலிக்கும், அது நடிப்பாக இருக்க வேண்டியதில்லை. அவனைச் சோம்பேறி என்றதில் நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள். இனி வயிறு வலிக்குது என்றால் புத்தகத்தை வாங்கி முதல் பத்தியை நீங்கள் வாசியுங்கள். அடுத்ததை அவன் வாசிக்கட்டும், நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள்.