அடையாளம் தெரியாத உடலை டிஎன்ஏ, வம்சாவளி வைத்து யாரென்று கண்டுபிடிக்க நம் ஊரில் முடியுமா?

வெளிநாட்டில் நாற்பது ஐம்பது வருடம் பெயரில்லாமல் புதைந்து கிடந்தவர்களுக்கெல்லாம் இப்போது டிஎன்ஏவால் பெயர் கிடைக்கிறதே, இங்கே ஏன் அப்படிச் செய்தியே வருவதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை, போலீஸும் இல்லை. தருமபுரி மாவட்டம், பென்னாகரம் பக்கம். ஆனால் எங்கள் வீட்டு ரத்தம் ஒரு முறை ஆய்வகம் வரை போய் வந்திருக்கிறது. அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதும் அப்புறம் தேடிப் படித்ததும்தான் இந்தப் பதில்.

என் சித்தப்பா பெங்களூரில் கம்பி கட்டும் வேலை. ஒரு பொங்கலுக்கு வந்துவிட்டுப் போனவர், திரும்பவில்லை. போன் அணைந்துவிட்டது. மேஸ்திரியைக் கேட்டால், சம்பளம் வாங்கிக்கொண்டு வேறு சைட்டுக்குப் போய்விட்டார் என்றார். ஊரில் காணவில்லை என்று புகார் கொடுத்து எஃப்ஐஆர் போட்டோம். ரெண்டு வருடம் ஓடியது. ஒரு நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஸ்டேஷன் ஒன்றிலிருந்து போன். ராயக்கோட்டைப் பக்கம் ஏரிக்கரையில், சீமைக் கருவேல முள்ளுக்குள் ஓர் எலும்புக்கூடு. துணி மட்டும் பாதி மிச்சம். ஏட்டு சொன்னார்: "சட்டை காலர்ல பாப்பாரப்பட்டி டெய்லர் லேபிள் இருக்குங்க. உங்க மிஸ்ஸிங் கேஸ்லயும் அதே டெய்லர் சட்டைன்னு எழுதியிருக்கு."

போனோம். ஒரு பிளாஸ்டிக் கவரில் சட்டை. மண்ணேறி, ஒரு கை முழுக்கக் கரைந்துபோய், காலரும் பட்டன் பட்டியும் மட்டும் கட்டம் போட்ட நீலம் என்று சொல்லும்படி இருந்தது. அத்தை அதைக் கையில் வாங்கவே இல்லை. பார்த்தவுடன் "எந்தம்பி சட்டைதான்" என்று உட்கார்ந்துவிட்டார். எனக்கும் அதேதான் தோன்றியது. எலும்பை வாங்கி அடக்கம் பண்ணிவிட்டுக் கருமாதி செய்துவிடலாம் என்று பெரியவர்கள் பேச ஆரம்பித்தார்கள். அங்கே இருந்த இன்ஸ்பெக்டர்தான் ஒத்துக்கொள்ளவில்லை. "சட்டையை வச்சு ஆளச் சொல்ல முடியாதும்மா, டிஎன்ஏ எடுக்கணும்" என்றார். அன்றைக்கு அவர்மேல் எங்களுக்குக் கோபம்.

தொடை எலும்பிலிருந்து ஒரு துண்டும் கடைவாய்ப் பல்லும் ஆய்வகத்துக்குப் போயின. செத்து நாளானால் தசை, ரத்தம் எல்லாம் வீண். டிஎன்ஏ தாக்குப்பிடிப்பது கெட்டி எலும்பிலும் பல்லுக்கு உள்ளேயும்தான். அந்தப் பக்கம் ஒப்பிடுவதற்குச் சித்தியிடமும் அவர் மகனிடமும் ரத்தம் எடுத்தார்கள். ரத்தம் எடுத்த இடத்தில் படிவம் நிரப்பிய பெண், சித்தியைப் பார்த்து "இறந்ததாகக் கருதப்படுபவர் உங்களுக்கு என்ன உறவு?" என்று கேட்டார்.

"வூட்டுக்காரரு."

பக்கத்தில் நின்ற அத்தையை, "நீங்க?"

"அவன் அக்கா. இவ எம்மவ."

எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். சித்தப்பா கட்டியது அக்கா மகளை. எங்கள் பக்கம் இதில் அதிசயம் ஒன்றும் இல்லை, அந்தப் பெண்ணுக்கும் தெரிந்துதான் இருக்கும். படிவத்தில் மட்டும் அதற்கு இடம் இல்லை. ஓரத்தில் பேனாவால் எழுதி வைத்துக்கொண்டார். நீங்கள் கேட்ட கேள்விக்கான பாதிப் பதில் அந்த ஓரக் குறிப்பில் இருப்பதாக எனக்குப் பிற்பாடு தோன்றியது.

விளக்குகிறேன். டிஎன்ஏ வைத்து ஆளைக் கண்டுபிடிப்பது என்று நாம் ஒரே பெயரில் சொல்வது ரெண்டு வேறு வேலைகள். ஒன்று, எங்களுக்கு நடந்த மாதிரி: இவராக இருக்குமோ என்று ஒரு சந்தேகம் இருக்கிறது, அவர் பிள்ளையோ தாயோ இருக்கிறார்கள், ஒப்பிட்டுப் பார்ப்பது. டிஎன்ஏவில் இருபது இடம் அளவுக்குப் பார்த்தாலே ஆமா, இல்லை என்று சொல்லிவிடலாம். 1984ல் இங்கிலாந்தின் லெஸ்டரில் அலெக் ஜெஃப்ரீஸ் என்ற விஞ்ஞானி தொடங்கி வைத்தது. இந்தியாவில் ஹைதராபாத்தில் லால்ஜி சிங் கொண்டுவந்தது. 2025 ஜூனில் அகமதாபாத் விமான விபத்தில் இறந்த 260 பேரில் பெரும்பாலானவர்களைப் பிரித்துச் சொன்னதும் இந்த வேலைதான். அங்கே பயணிகள் பட்டியல் கையில் இருந்தது. யார் வீட்டில் ரத்தம் எடுக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது.

இன்னொன்று, நீங்கள் செய்தியில் பார்ப்பது. சந்தேகப்பட ஆளே இல்லை. எலும்பிலிருந்து ஆறேழு லட்சம் இடங்களைப் படித்து, சொந்த ஆர்வத்தில் வம்சாவளி தேடுகிறவர்கள் தங்கள் டிஎன்ஏவைப் போட்டுவைத்திருக்கும் ஜெட்மேட்ச் மாதிரியான தளத்தில் ஏற்றுவார்கள். இறந்தவரோடு யாருக்கு எவ்வளவு டிஎன்ஏ பொதுவாக இருக்கிறது என்று வரும். அதை அளக்கும் அலகுக்குப் பெயர் சென்டிமார்கன். பெரியப்பா, மாமா பிள்ளைகள் முறையில் இருப்பவர்களுக்குள் சுமார் 850 இருக்கும். அதற்கு அடுத்த தலைமுறைப் பிள்ளைகளுக்குள் 230, அதற்கும் அடுத்து 70 சொச்சம். அந்த அளவை வைத்து, இவர்களின் கொள்ளுத்தாத்தா ஒருவராகத்தான் இருக்க வேண்டும் என்று மேலே ஏறி, அப்புறம் அந்தக் கொள்ளுத்தாத்தாவின் எல்லாப் பிள்ளைகள் வழியாகவும் கீழே இறங்கி, எங்கே ஒருவர் காணாமல் போயிருக்கிறார் என்று பார்ப்பார்கள். 1981ல் ஓஹையோவில் சாலையோரம் கிடந்த ஓர் இளம்பெண்ணுக்கு 2018ல் இப்படித்தான் பெயர் கிடைத்தது.

எனக்குப் பிடித்தது ஆஸ்திரேலியக் கதை. 1948 டிசம்பர் 1 காலை, அடிலெய்டு பக்கம் சோமர்டன் கடற்கரையில் கோட்டு சூட்டோடு ஒருவர் இறந்து கிடந்தார். பையில் அடையாளம் எதுவும் இல்லை, துணிகளில் லேபிளைக்கூட வெட்டி எடுத்திருந்தார்கள். உளவாளி என்றெல்லாம் எழுபது வருடம் பேசினார்கள். போலீஸ் அவர் முகத்தையும் மார்பையும் பிளாஸ்டரில் வார்ப்பு எடுத்து வைத்திருந்தது. அதில் ஒட்டிக்கொண்டிருந்த சில முடிகள்தான் உதவின. டெரெக் அபட் என்ற பேராசிரியரும் காலீன் ஃபிட்ஸ்பேட்ரிக் என்ற வம்சாவளி நிபுணரும் அந்த முடியிலிருந்து டிஎன்ஏ எடுத்து, சுமார் 4,000 பேர் கொண்ட குடும்ப மரம் போட்டு, இவர் மெல்போர்னில் 1905ல் பிறந்த கார்ல் வெப் என்று 2022 ஜூலையில் அறிவித்தார்கள். உளவும் இல்லை ஒன்றும் இல்லை, மின்பொறியாளர். இதில் ஒரு சங்கதி. பிறகு கிடைத்த அவருடைய பெட்டியில் இருந்த டையில் 'டி. கீன்' என்று பெயர் இருந்தது. 1949லேயே அந்தப் பெயரைத் தேடிக் கைவிட்டுவிட்டார்கள். மரம் போட்டு முடித்த பிறகு பார்த்தால், வெப்பின் அக்கா தங்கை ஒருவரின் வீட்டுக்காரர் பெயர் தாமஸ் கீன். மச்சான் டையைக் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார் மனுஷன்!

சரி, இதை நம் ஊருக்குக் கொண்டுவாருங்கள். முதல் சிக்கல், அந்தத் தளங்களில் இருப்பவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பிய வழி ஆட்கள். தருமபுரிக்காரர் எலும்பை ஏற்றினால் டெக்சாஸில் ஐடி வேலை பார்க்கும் யாரோ ஒருவர் தூரத்துச் சொந்தமாக வரலாம், அவ்வளவுதான்.

ரெண்டாவது சிக்கல்தான் அந்த ஓரக் குறிப்பு. சென்டிமார்கன் கணக்கெல்லாம் தாத்தா பாட்டி நாலு பேர், கொள்ளுத்தாத்தா கொள்ளுப்பாட்டி எட்டுப் பேர் என்று மரம் விரிந்துகொண்டே போகும் என்ற நம்பிக்கையில் போட்டது. மாமன் மகள், அத்தை மகள், அக்கா மகள் என்று கட்டும் வீட்டில் மரம் விரியாது, மடங்கும். என் சித்தப்பா மகனுக்கு அப்பாவைப் பெற்ற பாட்டியும், அம்மாவைப் பெற்ற பாட்டியின் தாயும் ஒரே ஆள். மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ என்று ஒன்று தாய் வழியாக மட்டும் இறங்கும். அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வராது என்பது பாடப்புத்தகம். எங்கள் வீட்டில் அப்பாவுக்கும் மகனுக்கும் அது ஒன்றேதான், ஏனென்றால் ரெண்டும் என் பாட்டியிடமிருந்து வந்தவை. பாட்டியிடமிருந்து சித்தப்பாவுக்கு நேராக. மகனுக்கு அத்தை, சித்தி வழியாகச் சுற்றி. இந்தக் கணக்குத் தெரியாத வெளிநாட்டுக்காரர் உறவை நிச்சயம் தப்பாகப் படிப்பார். அதோடு, சொந்தச் சாதிக்குள்ளேயே பல நூறு வருடம் கட்டிக்கொண்டு வந்ததால், முன்பின் தெரியாத ரெண்டு பேர்கூடத் தூரத்துச் சொந்தம் போல டிஎன்ஏவில் தெரிவார்கள். ஹைதராபாத்தில் உள்ள சிசிஎம்பி ஆய்வு நிறுவன ஆட்களும் ஹார்வர்டு ஆட்களும் சேர்ந்து 2017ல் தெற்காசியாவில் 260க்கு மேற்பட்ட சமூகங்களைப் பார்த்தார்கள். அதில் 81 சமூகங்களில், கொஞ்சம் முன்னோர்களிடமிருந்தே பெருகி வந்த இந்தச் சுருக்கம், இதற்கு உதாரணமாகச் சொல்லப்படும் ஃபின்லாந்துக்காரர்களைவிட அதிகம்.

ஆனால் நம்மிடம் வேறு ஒன்று இருக்கிறது. அங்கே சர்ச் ஞானஸ்நானப் பதிவேடு, சென்சஸ், பழைய பத்திரிகை எல்லாம் புரட்டித்தான் மரம் போடுகிறார்கள். இங்கே குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல் ஒற்றை எழுத்து, பழைய பிறப்புச் சான்றிதழ் பாதிப் பேருக்கு இல்லை. சரிதான். ஆனால் எங்கள் ஊரில் எந்தக் கிழவியைக் கேட்டாலும் யார் பங்காளி, யார் மாமன் மச்சான் என்று ஏழு ஊருக்குச் சொல்லுவார். ஒரே குலதெய்வம் கும்பிடும் பங்காளிகள் என்றால் அது அப்பன் வழி, டிஎன்ஏ பாஷையில் ஒய் குரோமோசோம். (எங்காவது ஒரு கண்ணி அறுந்திருக்கலாம்தான். லெஸ்டரில் கார் நிறுத்துமிடத்துக்குக் கீழே 2012ல் எடுத்த மூன்றாம் ரிச்சர்டு ராஜாவுக்கே தாய்வழி பொருந்தியது, பங்காளிவழி பொருந்தவில்லை.) மாரியம்மன் பண்டிகைக்குத் தலைக்கட்டு வரி எழுதும் நோட்டு, கல்யாண மொய் நோட்டு இந்த ரெண்டையும் எடுத்தாலே மூன்று தலைமுறை மரம் தயார். மொய் நோட்டில் ஊர்ப் பெயரோடு இருக்கும், தொகை யார் எவ்வளவு நெருக்கம் என்று காட்டிக் கொடுத்துவிடும்.

நிறையப் பேர் கேட்பது: ஆதாரில்தான் எல்லார் கைரேகையும் இருக்கிறதே? உடல் புதிதாக இருந்தாலும் அது உதவாது. ஆதார் சட்டப்படி கைரேகை, கருவிழிப் பதிவை யாருக்கும் கொடுக்கக் கூடாது. இன்னொன்று, அடையாளம் தெரியாத இறந்தவர்களின் டிஎன்ஏவையும் காணாமல் போனவர்களின் வீட்டார் டிஎன்ஏவையும் ஒரே இடத்தில் வைத்துத் தானாக ஒப்பிட ஒரு மசோதா 2019ல் மக்களவைக்கு வந்தது. 2023ல் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அந்தரங்கத்தைப் பற்றிய பயம் நியாயமானது. ஆனாலும் எனக்கு அதில் வருத்தம் உண்டு, காரணம் அடுத்தது.

பதினோரு மாதம் கழித்து முடிவு வந்தது. பொருந்தவில்லை. அந்த எலும்பு என் சித்தப்பா இல்லை.

வீட்டில் யாருக்கும் சந்தோஷப்படவும் தெரியவில்லை, அழவும் தெரியவில்லை. அத்தை மட்டும் "அப்ப அது யாரு பெத்த புள்ள?" என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்ல யாரிடமும் வழி இல்லை. எலும்பின் டிஎன்ஏ அறிக்கை ஒரு கேஸ் கட்டில் இருக்கிறது. இன்னொரு வீட்டுக்காரர் வந்து, எங்கள் ஆளா பாருங்கள் என்று கேட்டால்தான் அதைத் திறப்பார்கள். அவர்களுக்கு ராயக்கோட்டையில் ஓர் எலும்பு இருப்பதே தெரியாது.

எனக்குச் சட்டை உறுத்திக்கொண்டே இருந்தது. பாப்பாரப்பட்டி டெய்லரிடம் போட்டோவைக் காட்டினேன். பார்த்தவுடன் சொன்னார்: அது ஒரு தீபாவளிக்கு மேஸ்திரி தன் ஆட்களுக்கு எடுத்துக் கொடுத்த துணி, ஒரே பீஸில் பதினொரு சட்டை. அளவு நோட்டைத் தேடி எடுத்தார். பெயர், நீளம், தோள், கை. சித்தப்பா பெயர் நாலாவது. மீதிப் பத்துப் பேரையும் எழுதிக்கொண்டு வந்து நானும் தம்பியும் ஊர் ஊராக விசாரித்தோம். ஏழு பேர் இருக்கிறார்கள். ஒருவர் பாலக்கோட்டில் மாரடைப்பில் இறந்து அடக்கமும் ஆகிவிட்டது. ஒருவர் வெளிநாட்டில், வீடியோவில் பேசினோம்.

கடைசிப் பெயர் அரூர் பக்கத்துப் பையன். வீட்டில் அம்மா மட்டும். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பதாகச் சொன்னார். போன் வருமா என்று கேட்டேன். "கோச்சுக்கிட்டுப் போனான், மூணு வருசமாப் பேசறதில்ல. நல்லா இருந்தாச் சரி" என்றார். காணவில்லை என்று புகார் எதுவும் கொடுக்கவில்லை. அவரைப் பொறுத்தவரை மகன் காணாமல் போகவே இல்லையே.

சட்டையைப் பற்றி அன்றைக்கு நான் வாய் திறக்கவில்லை. அடுத்த வாரம் அத்தையைக் கூட்டிக்கொண்டு மறுபடி போனேன். அத்தைதான் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். போன மாதம் மூன்று பேருமாகப் போய் அந்த ஸ்டேஷனில் மனு கொடுத்து, அம்மாவிடம் ரத்தம் எடுத்தாகிவிட்டது. இந்தத் தடவை படிவத்தில் உறவு எழுத ஒரு சிரமமும் இல்லை. முடிவு இன்னும் வரவில்லை.