மெழுகுக்குள் பெர்மாங்கனேட்: கேள்வி பதில்

கே: நிலத்தடி நீரில் கலந்த டிரைகுளோரோஎத்திலீன் என்ற நச்சுக் கரைப்பானை அழிக்க, ஆக்சிஜனேற்றியான பெர்மாங்கனேட்டின் கரைசலை ஆழ்துளையில் நேரே ஊற்றினால் போதாதா? மெழுகு எதற்கு?

ப: ஊற்றிய கரைசல் மணல் அடுக்கோடு ஓடிவிடும். டிரைகுளோரோஎத்திலீனோ களிமண்ணில் ஊறிக் கிடக்கும். கரைசல் போன பிறகும் மெல்லக் கசியும், சில மாதத்தில் அளவு பழையபடி ஏறும். உருக்கிய பாரஃபினில் பெர்மாங்கனேட் தூளைக் கலந்து உருளையாக வார்த்தால், வெளித்துகள் கரைந்து விட்ட துளை வழியே உள்ளிருப்பது வரும். எடையில் முக்கால் பங்காவது தூள் இருக்கட்டும். குறைந்தால் துகள்கள் ஒன்றையொன்று தொடாமல் மெழுகுக்குள்ளேயே அடைபட்டுவிடும். நாளாக ஆக வேகம் தணியும். முதல் வார அளவை வைத்து ஆயுளைக் கணக்கிடாதீர்கள்.

கே: எவ்வளவு தேவை?

ப: சமன்பாட்டின்படி 1 கிலோ டிரைகுளோரோஎத்திலீனுக்கு 2.4 கிலோ பொட்டாசியம் பெர்மாங்கனேட். மண்ணின் கரிமப்பொருளும் இரும்பும் அதைவிடப் பல மடங்கு தின்னக்கூடும். அந்த இடத்து மண்ணைக் கரைசலோடு ஜாடியில் வைத்து, எவ்வளவு குறைகிறது என்று பார்க்காமல் ஓர் உருளைகூட இறக்காதீர்கள்.

கே: ராணிப்பேட்டையில் ஆலைக் கழிவால் நிலத்தில் சேர்ந்த குரோமியத்துக்கு உதவுமா?

ப: கூடவே கூடாது. மண்ணில் அடங்கிக் கிடக்கும் மூவிணைதிறன் குரோமியத்தையும் இது நச்சான ஆறிணைதிறனாக மாற்றிவிடும். அங்கே தேவை ஃபெரஸ் சல்பேட் போன்ற ஒடுக்கி, அதாவது ஆக்சிஜனேற்றிக்கு நேரெதிரானது. எந்தத் தளமானாலும் முதலில் குரோமியம் பாருங்கள்.

கே: வீட்டுக் கிணற்று உப்பு போகுமா?

ப: போகாது.

கே: ஃப்ளோரைடு? நைட்ரேட்?

ப: அவையும் போகா. குடிக்கும் கிணற்றில் எதற்காகவும் போடாதீர்கள்.

கே: நெப்ராஸ்காவின் கோசாட் குப்பைக்கிடங்கில் 2010இல் இறக்கிய உருளைகள்மேல் கரும்படலம் பிடித்ததே! இன்னொரு ஆக்சிஜனேற்றியான பெர்சல்பேட்தானே மேல்?

ப: மாங்கனீஸ் டைஆக்சைடு படலம் பெர்சல்பேட்டில் வராது, சரி. ஆனால் பெர்சல்பேட்டைக் கிளப்பிவிட இரும்போ காரமோ வெப்பமோ வேண்டும், நீரும் அமிலமாகும். பெர்மாங்கனேட் தானாகவே டிரைகுளோரோஎத்திலீனின் இரட்டைப் பிணைப்பை உடைக்கும். பெட்ரோல் பங்க் பென்சீன் என்றால் பெர்சல்பேட்டையே எடுங்கள், பென்சீனிடம் பெர்மாங்கனேட் பலிக்காது.

கே: படலத்துக்கு வழி சொல்லவில்லையே?

ப: சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்ஃபேட் சேருங்கள், மாங்கனீஸ் துகள் திரண்டு ஒட்டாமல் நீரோடு நகரும். உருளைக்கடியில் காற்றுக்குமிழி விட்டால் கிணற்று நீர் சுழன்று ஊதா வெளியே பரவும். கோசாட்டில் பிறகு செய்ததும் இதைத்தான்.

கே: பக்கத்துக் கிணற்று மாதிரி ஊதாவாக வருகிறது. ஆய்வகம் ‘சுத்தம்’ என்கிறது.

ப: நம்பாதீர்கள். மாதிரியில் மீந்த பெர்மாங்கனேட்டால், போகும் வழியில் புட்டிக்குள்ளேயே வினை நடந்து முடிந்துவிடும். எடுத்தவுடன் வினையை நிறுத்த அஸ்கார்பிக் அமிலம் (வைட்டமின் சி) போட்டு, ஊதா மறைந்த பிறகு மூடி அனுப்புங்கள்.