ஸ்பிலிட் கீபோர்டு வாங்கும்போது ஃபர்ம்வேர் ஓப்பன் சோர்ஸா என்று பார்க்க வேண்டுமா?

கட்டாயம் பாருங்கள். ஸ்பிலிட் கீபோர்டு என்பது ஒவ்வொரு கைக்கும் ஒன்றாக இரண்டாகப் பிரிந்த கீபோர்டு. ஃபர்ம்வேர் அதற்குள்ளேயே ஓடும் மென்பொருள். ஓப்பன் சோர்ஸ் என்றால் அதன் சோர்ஸ் கோடு, அதாவது மூல நிரல், யாரும் பார்த்து மாற்றும்படி திறந்திருக்கும். தமிழ்99 என்ற தமிழ்க் கீபோர்டு அமைப்பில் அடிப்பவர் என்றால் விலைக்கும் முன்னால் அதைப் பாருங்கள்.

மணிக்கட்டு வலிக்காக நான் முதலில் வாங்கியது மூடிய ஃபர்ம்வேர் கொண்ட, கீ குறைவான ஸ்பிலிட் கீபோர்டு. எதை மாற்றவும் கம்பெனியின் விண்டோஸ் செயலி வேண்டும். அப்போது ஆங்கிலம் மட்டுமே அடித்ததால் பிரச்சினை தெரியவில்லை, வலியும் குறைந்தது. இரண்டு வருடம் கழித்துத் தமிழ்99 பழக ஆரம்பித்தேன். அதற்குள் அந்தச் செயலியைத் தளத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். கீபோர்டு நன்றாக இருக்கிறது, ஆனால் ஒரு கீயைக்கூட இடம் மாற்ற வழியில்லை.

ஒரு கீதானே என்று விட முடியாது. தமிழ்99-இல் உயிரெழுத்துகள் இடது கைக்கு, வ, ங தவிர மெய்கள் எல்லாம் வலது கைக்கு. இரண்டு கையும் மாறி மாறி ஓடும், ஸ்பிலிட் கீபோர்டுக்கென்றே செய்தது போல இருக்கும். ஆனால் 'ச' இருப்பது ஆங்கிலப் பி-க்கு (P) அடுத்த சதுர அடைப்புக்குறிக் கீயில். அதற்கும் அடுத்தது 'ஞ'. சின்ன ஸ்பிலிட் கீபோர்டுகளில் இந்த இரண்டுக்கும் இடமே இருக்காது. 42 கீ கொண்ட கார்ன் (Corne) என்ற ஸ்பிலிட் கீபோர்டில் பி-க்கு அடுத்து வருவது பேக்ஸ்பேஸ். 'சரி' என்று அடிக்கப் போனால் முன்னால் அடித்த எழுத்து அழியும்!

இப்போது வைத்திருப்பது க்யூஎம்கே (QMK) என்ற ஓப்பன் சோர்ஸ் ஃபர்ம்வேர் ஓடும் கார்ன். பேக்ஸ்பேஸைக் கட்டைவிரலுக்கு இறக்கினேன், அந்த இடத்தில் 'ச' வந்தது, லேயர் கீயை (மற்ற கீகளுக்கு இன்னொரு வேலை தரும் கீ) அழுத்திக்கொண்டு அதே கீயைத் தட்டினால் 'ஞ'. கம்ப்யூட்டரிலேயே மாற்றலாமே என்பீர்கள். ஆபீஸ் மெஷினில் எதையும் நிறுவ விடமாட்டார்கள். கீபோர்டு அனுப்புவது எழுத்தை அல்ல, கீயின் எண்ணைத்தான். அதனால் உள்ளே ஒருமுறை மாற்றினால் தமிழ்99 இருக்கும் எந்த மெஷினிலும் வேலை செய்யும். க்யூஎம்கேயில் ஒரே கீயை அழுத்திப் பிடித்தால் ஷிஃப்ட், தட்டினால் எழுத்து என்று வைக்கும்போது இரண்டையும் பிரிக்கும் நேரம் வழக்கமாக 200 மில்லிசெகண்ட். என் மோதிர விரல் மெதுவாக எழும், அந்தக் கீக்கு மட்டும் 240 கொடுத்திருக்கிறேன்.

க்யூஎம்கேயிலும் சிரமம் உண்டு. கீபோர்டை இயக்கும் பழைய ப்ரோ மைக்ரோ சர்க்யூட் போர்டில், ஃபர்ம்வேரை ஏற்றும் பூட்லோடர் நிரல் போக 28 கேபி சொச்சம் இடம்தான் மிஞ்சும். வண்ண விளக்கு நிரலை நீக்கித்தான் என் லேயர்களை நுழைத்தேன். இப்போது வாங்குபவர்கள் இடம் தாராளமாக உள்ள ஆர்பி2040 சிப் கொண்டதாகப் பார்க்கலாம். நிரலை நீங்களே கம்பைல் செய்து ஃபர்ம்வேராக்கத் தயங்கினால் வயல் (Vial) என்ற செயலி போதும், திரையில் கீயைத் தேர்ந்து வேண்டியதைச் சொடுக்கினால் முடிந்தது. வயர்லெஸ் வேண்டுமானால் இசட்எம்கே (ZMK) என்ற இன்னொரு ஓப்பன் சோர்ஸ் ஃபர்ம்வேர்.

மூடியது எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். கைனசிஸ் கம்பெனியின் அட்வாண்டேஜ்2 கீபோர்டின் ஃபர்ம்வேர் மூடியதுதான், ஆனால் கீபோர்டே பென்டிரைவ் போலத் திறந்து, அமைப்புகளை டெக்ஸ்ட் ஃபைலாகக் காட்டும். செயலி போனாலும் நோட்பேடில் திருத்தலாம். அந்த அளவுக்காவது வழி இல்லாததை வாங்காதீர்கள். அதே கம்பெனியின் அட்வாண்டேஜ்360 ப்ரொஃபஷனலில் இசட்எம்கேதான் ஓடுகிறது.

விற்பவர் 'க்யூஎம்கே உண்டு' என்று மட்டும் போட்டிருந்தால் சோர்ஸ் கோடு எங்கே என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். க்யூஎம்கே வெளிவரும் ஜிபிஎல் (GPL) என்ற ஓப்பன் சோர்ஸ் உரிமப்படி அதைத் தருவது அவர்கள் கடமை.