நெதர்லாந்தின் நெடுந்தொலைவு நடைப்பாதைகள்: கேள்வி பதில்

கேள்வி: சதுர கிலோமீட்டருக்கு 500 பேருக்கு மேல் வாழும் நாட்டில், நாள்கணக்கில் நடப்பதற்கு இடம் எங்கே இருக்கிறது?

பதில்: இருக்கிறது. வடக்கே கடலோரக் களிமண் நிலத்திலுள்ள பீட்டர்பியூரன் என்னும் சிற்றூரில் தொடங்கி, தெற்கே மாஸ்ட்ரிக்ட் நகரையொட்டிய சிந்த் பீட்டர்ஸ்பெர்க் குன்றில் முடியும் பீட்டர்பாட் பாதை ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நீளமுடையது. ஒருவர் குரோனிங்கனிலும் மற்றவர் தில்பர்க்கிலுமாக வாழ்ந்த இரு தோழியர் வகுத்த அப்பாதை 1983இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. மக்கள் நெருக்கம் மிகுந்த நாடு என்பதே இங்கு நடப்பவருக்கு ஒரு வசதி. பல இடங்களில் பேருந்தோ ரயிலோ அருகிலேயே கிடைப்பதால், பாதையை வார இறுதிகளில் பகுதி பகுதியாக நடந்து முடிக்கலாம்.

கேள்வி: பாதை பல இடங்களில் தார்ச்சாலையில் போகிறதே, ஏன்?

பதில்: எனக்கும் இதுதான் பெரிய மனக்குறை. இருபதாம் நூற்றாண்டில் சிதறிக் கிடந்த சிறு வயல்களை ஒன்றுசேர்த்து நேரான சாலைகள் அமைத்தபோது, வயல்களுக்கு ஊடே தேவாலயத்துக்கும் பக்கத்து ஊருக்கும் மக்கள் நடந்துபோன ஒற்றையடிப் பாதைகள் பல உழவில் மறைந்துபோயின. எனவே இன்று ஒரு மண்பாதையை மீட்க வேண்டுமானால், நில உரிமையாளர்களிடம் போய்ச் சம்மதம் கேட்க வேண்டும்; ஒருவர் மறுத்தாலும் பாதை மீண்டும் சாலைக்கே திரும்பிவிடும். உத்ரெக்ட், கெல்டர்லாந்து மாகாணங்களில் 'குளோம்பன்பாட்' என்னும் மரச்செருப்புப் பாதைகள் இவ்வாறு பெற்ற சம்மதத்தால் பண்ணை நிலங்களின் வழியே செல்கின்றன. கால்நடை மேயும் நிலம் என்பதால் அவற்றில் பலவற்றில் நாய்களுக்கு அனுமதியில்லை. அந்த விதியை மதிக்காத ஒருவரால் அடுத்து வருபவர்கள் அனைவரும் பாதையை இழக்கக்கூடும் என்பதை அருள்கூர்ந்து நினைவில் கொள்ளுங்கள்.

கேள்வி: வழி தவறாமல் போவது எப்படி?

பதில்: கம்பத்திலோ மரத்திலோ வேலித்தூணிலோ விரற்கடை அகலத்தில் இரண்டு பட்டைகள் தீட்டப்பட்டிருக்கும்: மேலே வெள்ளை, கீழே சிவப்பு. வட்டாரப் பாதைகளுக்கு மஞ்சளும் சிவப்பும். இரு பட்டைகளும் குறுக்காக வெட்டிக்கொண்டால் அது உங்கள் வழியன்று. நேரான அணைக்கரையில் நெடுநேரம் குறியே தென்படாமல் போவதுண்டு. அப்போது நேராகவே நடக்க வேண்டும். சந்திப்பில் குறி இல்லையென்றால், ஊகிக்காமல் கடைசியாகப் பார்த்த குறிக்கே திரும்புங்கள்.

கேள்வி: கூடாரம் அடித்துத் தங்கலாமா?

பதில்: நினைத்த இடத்தில் கூடாது. முகாம் மைதானங்களில் தங்கலாம்.

கேள்வி: எந்தப் பருவம் உகந்தது?

பதில்: ஆகஸ்டு இறுதியும் செப்டம்பரும் என்பேன். கருவால் மூக்கன் போன்ற பறவைகள் புல்வெளியில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் காலத்தில், பெரும்பாலும் மார்ச் 15 முதல் ஜூலை 15 வரை, சில பண்ணைப் பாதைகள் மூடப்பட்டு மாற்றுவழி குறிக்கப்படும். குளிர்காலத்திலோ, ஆற்றைக் கடக்க உதவும் சிறு படகுத்துறைகள் சில இயங்குவதில்லை. அடுத்த பாலம் பல கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம். ஆகவே புறப்படுவதற்கு முந்தைய நாளே படகு நேரத்தைப் பார்த்துவிடுங்கள்.