கடல் இல்லாத ஊர்ப் பெண் கப்பல் கணக்குப் படிக்கலாமா?

ஐயா, எண்ணெய்க் கிணறு தோண்டும் கப்பல் கவிழாமல் நிற்பது பற்றிப் படிக்கப் போகிறேன் என்று பிளஸ் டூ படிக்கும் உங்கள் மகள் சொன்னதும் பதறிப்போனீர்கள். குடியாத்தத்தில் கடலும் இல்லை, உறவில் கப்பல் வேலை பார்த்தவரும் இல்லை. ஆனாலும் அவள் கேட்பது பிளஸ் ஒன் இயற்பியலில் படித்த ஈர்ப்பு மையத்தைத்தான்.

கப்பலிலுள்ள ஒவ்வொரு பொருளின் எடையையும் அது அடிமட்டத்திலிருந்து இருக்கும் உயரத்தால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்த எடையால் வகுத்தால் ஈர்ப்பு மையத்தின் உயரம் கிடைக்கும். 20,000 டன் கப்பலுக்கு அது 12 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 500 டன் குழாய்களை 30 மீட்டர் உயரத்தில் அடுக்கினால் 12.44 மீட்டர் ஆகிவிடும். அரை மீட்டர்கூட இல்லையே என்று விட முடியாது. கப்பலை நிமிர வைப்பது, இந்த மையத்துக்கும் அதற்கு மேலே இருக்கும் மெட்டாசென்டருக்கும் (கப்பல் லேசாகச் சாயும்போது நீரின் மிதப்பு விசைக் கோடு கப்பலின் நடுக்கோட்டைச் சந்திக்கும் புள்ளி) உள்ள இடைவெளி. அது குறையக் குறைய ஆபத்து.

அப்புறம், கிரேன் குழாயைத் தூக்கிய நொடியிலிருந்து அதன் எடை கிரேன் முனையில் இருப்பதாகவே கணக்கிட வேண்டும். பாதி நிரம்பிய தொட்டி இன்னும் மோசம்; கப்பல் சாயும் பக்கமே உள்ளிருக்கும் திரவமும் ஓடும்.

1982 பிப்ரவரியில் கனடா அருகே ஓஷன் ரேஞ்சர் என்ற மிதக்கும் துளையிடு மேடை புயலில் மூழ்கி, அதிலிருந்த 84 பேரும் இறந்தார்கள். மேடையைச் சமநிலையில் வைக்கும் பேலஸ்ட் தொட்டிகளை இயக்கும் அறைக்குள் கடல்நீர் புகுந்தது. ஊழியர்களுக்குப் போதிய பயிற்சியும் இல்லை. இந்தப் படிப்பை நான் மதிப்பது அதனால்தான்.

ஐஐடி மெட்ராஸில் நேவல் ஆர்க்கிடெக்சர், அதாவது கப்பல் வடிவமைப்பு, பி.டெக். உண்டு, ஜேஇஇ அட்வான்ஸ்டு எழுத வேண்டும். இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் விசாகப்பட்டின வளாகத்திலும் உண்டு. அதற்கு ஐஎம்யூ செட் என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். இரண்டும் அமையாவிட்டால் வேலூர் பாகாயம் தந்தை பெரியார் அரசுப் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் முடித்து, கேட் என்ற முதுநிலை நுழைவுத் தேர்வு எழுதி மேற்படிப்பில் இந்தப் பக்கம் வரலாம். எனக்கு இந்த வழியும் குறைவாகத் தெரியவில்லை.

பெண் பிள்ளையைக் கடலுக்கு அனுப்புவதா என்கிறீர்கள். வடிவமைப்புக் கணக்கில் பெரும்பகுதி கரையில், அலுவலகத்தில் நடப்பது. கடலுக்குப் போவதா என்பதை அவளே பிறகு முடிவு செய்யட்டும். இப்போதைக்கு மேலே உள்ள கணக்கை அவளிடம் கொடுங்கள். அதே குழாய்களை 5 மீட்டர் உயரத்தில் வைத்தால் மையம் எங்கே போகும் என்று கேளுங்கள். ஆசையாக உட்கார்ந்து போட்டாள் என்றால் விண்ணப்பம் பற்றிப் பேச மூன்று பேரும் உட்காரலாம்.