ஸ்பாக் இணைப்பு மூலம் பங்குச்சந்தைக்குப் போனால் கணக்கு வேலை குறையும் என்கிறார்களே, உண்மையா?

குறையும் என்று உங்களுக்குச் சொன்னவர் அநேகமாக வக்கீலாகவோ முதலீட்டு வங்கிக்காரராகவோ இருப்பார். கணக்குப் பிரிவில் இருந்தவர் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். உங்கள் கம்பனியிலும் இந்தப் பேச்சு தொடங்கிவிட்டது போலிருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு அமெரிக்கக் கம்பனியின் கணக்குகளை யாழ்ப்பாணத்தில் இருந்தபடி பார்த்த குழுவில் நானும் ஒருவன். "திருநெல்வேலிச் சந்தியில இருந்துகொண்டு நியூயோர்க் கதை கதைக்கிறார்" என்று கீழே எழுத வருபவர்களுக்கு ஒன்று: அந்தக் கம்பனியின் ஜேர்னல் என்ட்ரிகளில் (கணக்குப் பதிவுகளில்) பாதி யாழ்ப்பாணத்தின் அந்தத் திருநெல்வேலிச் சந்திக்குப் பக்கத்தில்தான் போடப்பட்டது.

ஸ்பாக் (SPAC) என்பது இன்னொரு கம்பனியோடு இணைவதற்காகவே பங்குச்சந்தைக்கு வரும் வெற்றுக் கம்பனி, அதற்குச் சொந்தத் தொழில் கிடையாது. வழக்கமாக 10 டொலருக்குப் பங்கு விற்று, அந்தக் காசைத் தனிக் கணக்கில் பூட்டிவைத்துவிட்டு, இணைவதற்கு ஒரு கம்பனியைத் தேடும். சட்டப்படி அது உங்களை வாங்குகிறது. கணக்கில் பெரும்பாலும் தலைகீழ்: வாங்கியவர் நீங்கள், அவர்கள் கொண்டுவருவது வெறும் காசு, நன்மதிப்பு (goodwill, சொத்துகளின் மதிப்புக்கு மேல் கொடுத்த விலை) என்று எதுவும் பதிவதில்லை. பழைய வருடங்களின் பங்கு எண்ணிக்கையைப் பரிமாற்ற விகிதத்தால் பெருக்கித் திருத்த வேண்டும். அது ஒரு எக்செல்லோடு முடிகிற வேலை.

எங்களை வாட்டியது வாரண்ட். பின்னொரு நாளில், பெரும்பாலும் 11.50 டொலருக்கு, பங்கு வாங்கும் உரிமை அது. அதைப் பல ஸ்பாக்குகள் உரிமையாண்மையில் (equity, பங்குதாரரின் பங்கில்) காட்டிவந்தன. 2021 ஏப்ரல் 12 அன்று அமெரிக்கப் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் அதிகாரிகள் ஒரு அறிக்கை விட்டார்கள். வாரண்ட் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத் அதைத் தீர்க்கும்போது கொடுக்கும் தொகை மாறுமென்றால், அதைப் பொறுப்பாக (liability, கடன்போல) காட்டவேண்டி வரலாம் என்றது அது. எங்களுக்கு விடிந்தபோது 13ஆம் திகதி, வருடப்பிறப்புக்கு முதல் நாள். குசினியில் அம்மா பயற்றம் பணியாரம் சுட்டுக்கொண்டிருக்க, நான் வாரண்ட் உடன்படிக்கையில் அந்த வாசகத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். இருந்தது. மருத்துநீர் வைத்து முழுகிய கையோடு மறுபடி லப்டொப். (எல்லா வாரண்டும் இப்படியில்லை. உடன்படிக்கையை வாசிக்காமல் சண்டைக்கு வராதீர்கள்.)

பொறுப்பு என்று வந்துவிட்டால் ஒவ்வொரு காலாண்டும் நியாயப் பெறுமதி (அன்றைய மதிப்பு) போட்டு, வித்தியாசத்தை இலாப நட்டத்தில் காட்ட வேண்டும். பங்கு விலை ஏறினால் வாரண்டின் பெறுமதியும் ஏறும், அதனால் பொறுப்பும் கூடும், உங்களுக்கு நட்டம். காசு ஒரு சதமும் வெளியே போகாது, ஆனாலும் நட்டம். பங்கு ஏறிய சந்தோசத்தில் ஸூமுக்கு வந்த நிறுவனருக்கு இதை விளக்குவதற்குள் எங்கள் மனேஜருக்குத் தொண்டை வற்றிவிட்டது.

ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. எங்கள் ஊரில் மெட்ஸ், பயோ கிடைக்காதவன்தான் கொமர்ஸ் படிப்பான் என்று ஒரு எண்ணம். ரியூசன் வாங்கிலேயே எங்களுக்குக் கடைசி வரிசை. இன்றைக்கும் "கணக்கெழுதிற வேலையோ தம்பி" என்று கேட்கிற மாமாமார் இருக்கிறார்கள். ஓம் மாமா, கணக்கெழுதுகிற வேலைதான்.

சரி, உங்கள் விசயத்துக்கு வருகிறேன். இணைப்பு முடிந்து 4 வேலை நாட்களுக்குள் 'சூப்பர் 8-கே' அறிக்கை (புதிய கம்பனியைப் பற்றிய முழு விபரம்) ஆணைக்குழுவுக்குப் போக வேண்டும். பிறகு காலாண்டு அறிக்கைகள். 2024இல் வந்த புதிய விதிகள் இந்த வழியைச் சாதாரண ஐபிஓவுக்கு (நேரடியாகப் பொதுமக்களுக்கு முதன்முதல் பங்கு விற்பதற்கு) இன்னும் நெருக்கமாக்கிவிட்டன. தனியார் கம்பனிகளுக்கான சலுகைப்படி நன்மதிப்பைத் தவணையாகக் கழித்து வந்திருந்தால் அதையும் பின்னோக்கித் திருத்த வேண்டும். எல்லாவற்றுக்கும் முதல் உங்கள் ஓடிட்டரைக் கேளுங்கள்: பழைய வருடங்களைப் பிசிஏஓபி (PCAOB, அமெரிக்காவில் பொதுக் கம்பனிகளின் ஓடிட்டை மேற்பார்க்கும் சபை) தரப்படி திரும்ப ஓடிட் செய்ய அவர்களால் முடியுமா, அந்த வருடங்களில் உங்கள் நிதிக்கூற்றுகளைத் தயாரிக்க அவர்கள் கைகொடுத்தார்களா என்று. கைகொடுத்திருந்தால் ஆணைக்குழுவின் விதிப்படி அவர்கள் சுயாதீனமானவர்கள் அல்லர் என்று ஆகலாம், புது ஓடிட்டர் தேட வேண்டி வரலாம். இந்தப் பதில் கைக்கு வரும்வரை யாருக்கும் திகதி கொடுக்க விடாதீர்கள்.